கல்லுக்கால் கோல் போஸ்ட்: கிருஷ்ணகிரி, தர்மபுரி பயணக் குறிப்பு

வெள்ளிக்கிழமை, கிருஷ்ணகிரி

மத்தியானம் சென்னைல பஸ் ஏறினோம், நானும் பொண்ணும். வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, பர்கூர்னு வந்து கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்ட்ல இறங்கறப்ப நல்லா இருட்டிடுச்சு. மே மாசம்ங்கறதால பர்கூர் தாண்டினதுமே ரோட்டோரம் மாம்பழக் கடைங்க ஆரம்பிச்சிடுது, செந்தூரா, பெங்களூரா, மல்கோவான்னு கூடை கூடையா வச்சிருக்காங்க, ஜன்னல திறந்தா அந்த வாசனை தான். எனக்கு அந்த வாசனை வந்தா ஃபுட்பால் ஞாபகம் வரும். எங்க ஊர்ல டோர்னமெண்ட் எல்லாம் முழு ஆண்டு லீவுல தான் நடக்கும், அது மாங்கா சீசன்.

இந்த தடவை வந்ததுக்கே காரணம் அது தான். பொண்ணு ஸ்கூல் ஃபுட்பால் டீம்ல பேக் ஆடறா, அதாவது கோல் விழாம தடுக்கிற டிஃபென்ஸ், ராத்திரி முழிச்சிருந்து ஐரோப்பா மேட்ச் எல்லாம் பாப்பா, யார் எந்த கிளப்ல இருந்து எந்த கிளப்புக்கு போனாங்கன்னு எல்லாம் மனப்பாடம். போன மாசம் சாப்பிடறப்ப "ம்மா, நீ சின்னதுல எந்த டீம் சப்போர்ட் பண்ணுவ"ன்னு கேட்டா. பழையபேட்டை டீம்னு சொன்னேன், கிருஷ்ணகிரில நான் வளந்த பேட்டை. "அது எந்த லீக்?"னு கேட்டா. அவ விளையாட்டுக்கு கேக்கல, உண்மையிலேயே தெரிஞ்சுக்க தான் கேட்டா. லீவு விடட்டும், கூட்டிட்டு போய் காட்டறேன்னு சொன்னேன்.

அப்பா பஸ் ஸ்டாண்டுக்கு வந்து நின்னுட்டு இருந்தார். எழுபது தாண்டிடுச்சு, ஆனா வரவேணாம்னு சொன்னா கேக்க மாட்டார். வீட்ல களியும் கீரைக் குழம்பும். சாப்பிட்டு முடிச்சதும் பொண்ணு தாத்தாவ புடிச்சிக்கிட்டா, "தாத்தா நீங்க என்ன பொசிஷன் ஆடினீங்க"ன்னு. அப்பா சொன்னார், "நான் மைக்குமா."

அது நிஜம். அப்பா அவ்ளோவா விளையாடினது இல்ல. ஆனா அந்த காலத்துல பேட்டைல ஃபுட்பால்னா அப்பா குரல் தான். குழாய் ஸ்பீக்கர் ரெண்டு கட்டுவாங்க, வேப்பமரத்துல ஒண்ணு, எதிர்ல ஒரு மொட்டமாடில ஒண்ணு. அப்பா ஆபீஸ் விட்டு வந்து சட்டைய மாத்தாம அப்படியே வந்து சாயந்தரம் மைக் புடிச்சார்னா பந்து கண்ணுக்கு தெரியற வரைக்கும் விட மாட்டார். ரேடியோ கமெண்ட்ரி கேட்டு கேட்டு அவரா கத்துக்கிட்டது. "பந்து இப்பொழுது தையல்கடை தம்பியின் காலில், ஒருவரை ஏமாற்றுகிறார், இரண்டாமவரையும் ஏமாற்றுகிறார்"னு சுத்தமான தமிழ்ல போயிட்டே இருக்கும், நடுவுல அதே மூச்சுல "டேய் லைனுக்கு பின்னாடி போங்கடா"ன்னு வரும். அவர் யாரையும் பேர் சொல்லி கூப்பிட மாட்டார், தையல்கடை தம்பி, பால்காரர் மகன், மெக்கானிக் பாய், போஸ்ட்மேன் அண்ணன் இப்படி தான், அதனால எங்க தெருவுல பாதி பேரோட நிஜப் பேர் எனக்கு இன்னைக்கும் தெரியாது.

சனிக்கிழமை, பழையபேட்டை

வெயில் ஏறறதுக்கு முன்னாடி கிளம்பிட்டோம். கோட்டை மலைய பாத்துக்கிட்டே நடந்தோம். பொண்ணுக்கு மலை ஏறணும்னு ஆசை, இன்னொரு நாள் ஏறலாம்னு சமாதானம் சொல்லி கிரவுண்டுக்கு கூட்டிட்டு போனேன்.

நாங்க மேட்ச் பாத்த இடம் ரெண்டு. ஒண்ணு ஸ்கூல் கிரவுண்ட், அது இன்னும் இருக்கு, சந்தோஷம். இன்னொண்ணு ஏரிப்பக்கம் இருந்த பொறம்போக்கு, அங்க தான் பேட்டை டீம் தினமும் ஆடும். இப்ப அதுல முக்கால்வாசி வீடு, மிச்சத்துல லாரி நிக்குது. நான் இத எதிர்பாத்து தான் போனேன், இருந்தாலும் பொண்ணுகிட்ட "இங்க தான் சென்டர்"னு ஒரு காம்பவுண்டு சுவத்த காட்டி சொல்றப்ப ரொம்ப கஷ்டமா இருந்துச்சு.

ஆனா ஒரு போஸ்ட் நிக்குது! அப்பா தான் முதல்ல பாத்தார். எங்க பக்கம் கிரானைட் ஊர், வேலி போடணும்னா கூட கல்லுக்கால் தான் நடுவாங்க, மரம் வாங்கறத விட அது சுலபம். அதனால எங்க கிரவுண்ட்ல கோல் போஸ்ட்டும் கல்லுக்கால் தான், நட்டது நட்டபடி நிக்கும், மேல ஒரு சவுக்கு கழிய கம்பில கட்டினா கிராஸ் பார் ரெடி. அந்த ரெண்டு கால்ல ஒண்ணு இப்ப ஒருத்தர் மாட்டுக் கொட்டகை மூலைல நிக்குது, எருமை கட்டியிருந்துச்சு. கிட்ட போய் பாத்தேன். கல்லோட ஓரத்துல ஆப்பு அடிச்சு பொளந்த குழி வரிசையா மேல இருந்து கீழ வரைக்கும் பாதி பாதியா தெரியுது, மேல் நுனில கம்பி சுத்தின இடம் தேஞ்சு பள்ளமா இருக்கு, மாட்டுக்காரம்மா கிட்ட கேட்டு துணிய வச்சு தொடச்சப்ப இடுப்பு உயரத்துல பழைய சுண்ணாம்பு கொஞ்சம் ஒட்டிட்டு இருந்துச்சு. பொண்ணு கைய வச்சு பாத்துட்டு "இதுல மோதினா என்னாகும்மா"ன்னு கேட்டா. என்னாகும், தையல் தான். எங்க டீம் கோல்கீப்பர், கோலி அண்ணன்னு தான் கூப்பிடுவோம், அவர் புருவத்துல இருந்த தழும்பு இந்த கல்லு குடுத்தது. அதனால எங்க ஊர் கோலிங்க ஓரமா வர்ற பந்துக்கு பாய மாட்டாங்க, காலால தடுப்பாங்க, வெளியூர் டீம் வந்தா அவங்க கோலிக்கு இது தெரியாது, நாங்க எல்லாரும் போஸ்ட் ஓரமா அடி ஓரமா அடின்னு கத்துவோம்.

ஃபிஃபா அளவுப்படி கோல் அகலம் 7.32 மீட்டர், உயரம் 2.44 மீட்டர். எங்களோடது அதுல பாதி அகலம் இருந்தா பெருசு, கிரவுண்டும் சின்னது, அதனால ஏழு பேர், சில சமயம் ஒம்பது பேர் மேட்ச். ஒரு பாதிக்கு இருவது நிமிஷம், நாக் அவுட், ட்ரா ஆனா நேரா பெனால்ட்டி. லைன் போட சுண்ணாம்பு வாங்க காசு இல்லன்னா மரக்கடைல ரம்பப் பொடி அள்ளிட்டு வருவாங்க, காத்தடிச்சா லைன் நகந்து போயிடும், அப்ப பந்து உள்ளயா வெளியயான்னு தீர்ப்பு சொல்றது லைன்ல உக்காந்திருக்கிற நாங்க தான். ரெஃப்ரி யாராவது ஒரு பி.டி. மாஸ்டர், அவர் எங்கள திரும்பி பாப்பார், நாங்க பொய் சொல்ல மாட்டோம்னு அவர் நம்பினார், பெரும்பாலும் நாங்க சொல்லல.

நான் எங்க இருப்பேன்னா கோலுக்கு பின்னாடி. பொண்ணுங்க நாலஞ்சு பேர் அங்க தான் நிப்போம். வலை கிடையாது, அதனால கோலுக்குள்ள போனாலும் வெளிய போனாலும் பந்து எங்கள தாண்டி கருவேல முள்ளுக்குள்ள போயிடும், ஓடிப்போய் எடுத்துட்டு வரணும், யார் முதல்ல எடுக்கறாங்களோ அவங்க அத கையால தூக்கிப் போடாம காலால ஒரு உதை உதைச்சு அனுப்பலாம். அந்த ஒரு உதைக்காக தான் நான் முள்ளு குத்த குத்த ஓடினேன். பொண்ணுங்கள யாரும் ஆடக் கூப்பிட்டது இல்ல, அது யாருக்கும் தோணவும் இல்ல, எனக்கும் அப்ப தோணல. இப்ப நினைச்சா கோவம் வருது. தமிழ்நாட்டு பொண்ணுங்க டீம் 2018ல கட்டாக்ல மணிப்பூர 2-1ன்னு ஜெயிச்சு நேஷனல் கப்ப தூக்கினப்ப நான் டிவி செய்திய பாத்துட்டு சமையல்கட்டுல நின்னு அழுதேன், வீட்ல யாருக்கும் ஏன்னு புரியல. 2023ல திரும்பவும் ஜெயிச்சாங்க.

ஞாயித்துக்கிழமை, கோலி அண்ணன் வீடு

இன்னைக்கு எழுத நிறைய இருக்கு.

காலைல கோலி அண்ணன பாக்க போனோம். அவர் இப்ப மாங்கூழ் ஃபேக்டரிக்கு லோடு ஓட்டறார், சீசன்ல தூக்கமே கிடையாது, ஞாயித்துக்கிழமைங்கறதால வீட்ல இருந்தார். கதவ திறந்ததும் "ஏம்மா, மைக் சார் பொண்ணு தான நீ? முள்ளுக்குள்ள ஓடுவியே"ன்னார். அவ்ளோ வருஷத்துக்கு அப்புறம் அவருக்கு என் ஞாபகம் இருந்தது எனக்கு பெரிய விஷயம். என் பொண்ணு பேக் ஆடறான்னு சொன்னதும் அவள நிக்க வச்சு, ஆள் வர்றப்ப பந்த பாக்காத, அவன் இடுப்ப பாரு, இடுப்பு பொய் சொல்லாதுன்னு பாடம் எடுக்க ஆரம்பிச்சிட்டார்.

அவர் சொன்னதுல ரொம்ப புடிச்சது ஜெர்சி கதை. ஒரு வருஷம் டீமுக்கு ஜெர்சி வாங்க காசு சேரல. எல்லாரும் வெள்ளை பனியன எடுத்துட்டு வந்து ஒரு அண்டால சொட்டு நீலம் கலக்கி முக்கி எடுத்து காய வச்சு, முதுகுல கருப்பு பெயிண்ட்ல நம்பர் எழுதினாங்க. செமி ஃபைனல் அன்னைக்கு கோடை மழை. மே மாச மழை எங்க ஊர்ல சும்மா வராது, காத்தோட வந்து மாங்காய எல்லாம் உதுத்துட்டு தான் போகும். செம்மண் சேறு, நீலம் எல்லாம் ஒழுகி டவுசர்ல இறங்கி, ரெண்டாவது பாதில யார் எந்த டீம்னே தெரியல, எதிர் டீம் ஆளே இவங்களுக்கு பாஸ் குடுத்துட்டான். நான் அந்த மேட்ச்ல இருந்தேன்! மழைல யாரும் போகல, கோணி சாக்க தலைல போட்டுக்கிட்டு எல்லாரும் நின்னோம், அப்பா மைக்க ஆஃப் பண்ணிட்டு வெறும் வாயால கத்தினார்.

மழைல தோல் பந்து என்ன வெயிட் ஆகும்னு இப்ப இருக்கிற பசங்களுக்கு தெரியாது. கணக்குப்படி பந்து 410ல இருந்து 450 கிராம், சுத்தளவு 68ல இருந்து 70 சென்டிமீட்டர். தேஞ்சு போன தோல் பந்து தண்ணி குடிச்சா அந்த கணக்கெல்லாம் கிடையாது, தலைல முட்டினா கண்ணு இருட்டிடும். அதனால பேட்டைல மழை நாள்ல ஹெட்டு அடிக்கிறவனுக்கு தனி மரியாதை.

பந்து தான் டீம். இத நான் சின்னதுலயே புரிஞ்சுக்கிட்டேன். ஒரு நல்ல பந்து வாங்க தெரு முழுக்க வசூல் பண்ணணும், மளிகைக் கடை, சலூன், டீக்கடை, இறைச்சிக் கடைன்னு நோட்டு எடுத்துட்டு போவாங்க, அது கிழிஞ்சா புதுசு கிடையாது, தைக்கறது தான். பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல செருப்பு தைக்கற தாத்தா ஒருத்தர் இருந்தார், ஊர்ல இருந்த எல்லா டீமோட பந்தும் அவர்கிட்ட தான் வரும். கோலி அண்ணன் கூட நானும் போயிருக்கேன். தையல் விட்ட இடத்துல இருந்து இன்னும் கொஞ்சம் பிரிப்பார், விரல விட்டு உள்ள இருக்கிற பிளாடர இழுத்து வெளிய எடுப்பார், காத்தடிச்சு தண்ணி வாளில அமுக்குவார், குமிழ் வர்ற இடத்த கட்டை விரலால புடிச்சுக்கிட்டே தொடச்சு, அரம் வச்சு தேச்சு, சொல்யூஷன் தடவி, சைக்கிள் ட்யூப்புக்கு போடற மாதிரி ஒரு ரப்பர் பத்தை. அது காயற வரைக்கும் ஒரு பீடி. அப்புறம் பிளாடர மடிச்சு உள்ள திணிச்சு, மெழுகு தேச்ச நூல்ல ரெண்டு பக்கமும் ஊசி கோத்து எதிரும் புதிருமா இழுத்து தைப்பார், கடைசி முடிச்சு எங்க போச்சுன்னு தேடினாலும் தெரியாது. தெரு டீம் பசங்ககிட்ட பாதி காசு தான் வாங்குவார். ஃபைனல் அன்னைக்கு கடைய சாத்திட்டு வந்து முன்னாடி உக்காந்துக்குவார், பந்து மேல போறப்ப எல்லாம் தையல பாப்பார்னு அண்ணன் சொன்னார். அது உண்மையா இருக்கும், எனக்கு நம்பிக்கை இருக்கு.

அவர் இப்ப இல்ல. கடைல பையன் இருக்கார், பேக்குக்கு ஜிப் மாத்தறார். அப்பாவோட அந்த வளைஞ்ச ஊசிய எடுத்துக் காட்டினார். இப்ப பந்து தைக்க யார் வர்றாங்கன்னு கேட்டேன், யாரும் இல்லக்கா, கிழிஞ்சா தூக்கிப் போட்டு புதுசு வாங்கிக்கறாங்கன்னார்.

திங்கட்கிழமை, தர்மபுரி

அப்பாவும் வரேன்னு கிளம்பிட்டார். 45 கிலோமீட்டர் சொச்சம், பஸ்ல ஒரு மணி நேரம். காவேரிப்பட்டணத்துல நிப்பட்டு வாங்கிக்கிட்டோம்.

பொண்ணுக்கு ஒண்ணு விளக்க வேண்டியிருந்துச்சு. நான் சின்னவளா இருந்தப்ப கிருஷ்ணகிரி மாவட்டம்னு ஒண்ணு கிடையாது, நாங்க எல்லாம் தர்மபுரி மாவட்டம் தான், 2004 பிப்ரவரி 9ம் தேதி தான் பிரிச்சாங்க. அதனால மாவட்ட டீம் செலக்ஷன்னா தர்மபுரிக்கு தான் போகணும். அதுல எப்பவும் ஒரு சண்டை, தர்மபுரிக்காரங்க அவங்க பசங்கள எடுத்துக்கறாங்கன்னு எங்க பக்கம் பேச்சு, கிருஷ்ணகிரி பசங்க பந்த யாருக்கும் குடுக்க மாட்டாங்கன்னு அவங்க பக்கம் பேச்சு. ரெண்டுலயும் கொஞ்சம் உண்மை இருந்துச்சுன்னு அப்பா இப்ப சொல்றார், அப்பெல்லாம் சொல்ல மாட்டார்.

செலக்ஷன் அன்னைக்கு எங்க தெருவுல இருந்து ரெண்டு மூணு பேர் போனா அவங்கள பாக்க இருவது பேர் பஸ் ஏறுவோம். கட்டுச்சோறு கட்டிக்கிட்டு. ஒரு வருஷம் தையல்கடை தம்பி செலக்ட் ஆனார், திரும்பி வர்றப்ப பஸ்ல கண்டக்டர் அவருக்கு மட்டும் டிக்கெட் காசு வாங்கல. கிரவுண்ட்ல தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது எல்லாம் கேக்கும். எங்க பேட்டை டீமே அப்படி தான், மெக்கானிக் பாய் "இதர் தே"ன்னு கத்துவார், பால்காரர் மகன் "இக்கட வெய்ரா"ன்னுவார், கோலி அண்ணன் எல்லாருக்கும் பொதுவா தமிழ்ல திட்டுவார், பந்து சரியா தான் போகும்.

நல்லா ஆடறவங்க எல்லாரோட கனவும் பெங்களூரு தான். டெலிபோன் செய்யற ஐ.டி.ஐ., விமானம் செய்யற எச்.ஏ.எல். மாதிரி கம்பெனிங்க டீம் வச்சிருந்தாங்க, டீம்ல சேந்துட்டா வேலை. அப்பா இன்னைக்கு பஸ்ல அந்த கதைய என் பொண்ணுகிட்ட சொன்னார், 1977ல முதல் ஃபெடரேஷன் கப் நடந்தப்ப பெங்களூரு ஐ.டி.ஐ. டீம் ஃபைனல்ல மோகன் பகான 1-0ன்னு ஜெயிச்சது, டெலிபோன் செய்யற கம்பெனி டீம் கல்கத்தா பெரிய டீம தோக்கடிச்சிடுச்சுன்னு ஊர் டீக்கடை எல்லாம் அதே பேச்சாம். இன்னொரு பேரும் அவர் வாய்ல அடிக்கடி வரும், சாரங்கபாணி ராமன். பெங்களூருக்காரர். 1948 லண்டன் ஒலிம்பிக்ல சுதந்திர இந்தியா ஆடின முதல் மேட்ச், ஃபிரான்ஸ் கிட்ட 1-2ன்னு தோத்தோம், அந்த ஒரு கோல் ராமன் போட்டது. நம்ம ஆளுங்க பெரும்பாலும் வெறுங்காலோட ஆடினாங்க. பேட்டைல யாராவது பூட்ஸ் இல்லன்னு சாக்கு சொன்னா அப்பா மைக்லயே "ராமன் லண்டன்ல வெறுங்காலுடன் ஆடினார்"னு சொல்லுவார். ராமன் மட்டும் பூட்ஸ் போட்டிருந்தாரான்னு பொண்ணு கேட்டா, அப்பா அது எனக்கு தெரியணும்னு அவசியம் இல்ல பாப்பா, கோல் போட்டார்ல அது போதும்னார்.

மாவட்ட ஸ்டேடியத்துல காலை பயிற்சி முடிஞ்சு பசங்க கிளம்பிட்டு இருந்தாங்க. கேலரி நிழல்ல உக்காந்து நிப்பட்டு சாப்பிட்டோம். சாயந்தரம் மாமா வீட்டு பசங்க டர்ஃபுக்கு கூட்டிட்டு போனாங்க, ஊருக்கு வெளிய ஒரு இடம், பேர் வேணாம். பச்ச பிளாஸ்டிக் புல்லு, நாலு பக்கமும் மேல வரைக்கும் வலை, லைட்டு பகல் கணக்கா அடிக்குது, மணிக்கு இவ்வளவுன்னு காசு. என் பொண்ணு அங்க அஞ்சு பேர் மேட்ச் ஆடினா, நல்லா ஆடினா, சின்னப் பசங்க கூட விழுந்தா முட்டி தேயாது, மழை வந்தாலும் சேறு இல்ல, ராத்திரி பத்து மணிக்கு ஆடலாம். வேலைக்கு போற பசங்களுக்கு இது பெரிய வசதி, நான் இத குறை சொல்ல மாட்டேன்.

ஆனா நிக்க இடம் இல்ல. வலைக்கு வெளிய விளம்பர ஃபிளெக்ஸ சுத்தி கட்டிட்டாங்க, அதுக்கும் சுவருக்கும் நடுவுல ஒரு ஆள் தான் போகலாம். நானும் அப்பாவும் வாசல் கேட்டு கிட்ட நின்னு கம்பி இடுக்குல எட்டி எட்டி பாத்தோம். பக்கத்துல ரோட்ல போற ஒருத்தருக்கு கூட உள்ள மேட்ச் நடக்குதுன்னு தெரியாது. ஆடறவங்க பத்து பேர், அவங்களுக்கு அடுத்த பத்து பேர் டைமுக்கு காத்திருக்காங்க, அவங்களும் ஃபோன பாத்துட்டு இருக்காங்க. ஒரு கோல் விழுது, சத்தமே இல்ல. என் பொண்ணு ஒரு சூப்பர் டாக்கிள் போட்டா, நானும் அப்பாவும் மட்டும் கத்தினோம், உள்ள இருந்தவங்க எல்லாரும் என்னவோன்னு திரும்பி பாத்தாங்க.

எங்க பேட்டை டீம் அவ்ளோ நல்லா ஆடுச்சுன்னு நான் சொல்லல, அதே ஆளுங்கள இந்த டர்ஃப்ல விட்டா இந்த பசங்க ஓட விட்டுடுவாங்க. ஆனா அந்த டீமுக்கு பந்து வாங்கிக் குடுத்தவர் மளிகைக் கடைக்காரர், தைச்சவர் செருப்புக்கடை தாத்தா, லைன் தீர்ப்பு சொன்னது கோலுக்கு பின்னாடி நின்ன பொண்ணுங்க, பெங்களூரா மாங்காய கீறி உப்பும் மிளகாப்பொடியும் போட்டு வித்த ஆயா தோத்த டீமுக்கு சும்மா பத்தை குடுக்கும். பாக்கறவங்க எல்லாருக்கும் அதுல ஒரு வேலை இருந்துச்சு. பாக்க இடம் இல்லன்னா அந்த வேலை எல்லாம் போயிடுது, அப்புறம் டீம்ங்கறது காசு பிரிச்சு குடுக்கிற பத்து பேர் மட்டும் தான். இத நான் ராத்திரி மாமா வீட்ல சொல்ல, பெரிய சண்டையே ஆயிடுச்சு, மாமா பையன் "அத்தை, கிரவுண்ட் எங்க இருக்கு, நீங்களே சொல்லுங்க"ன்னு கேட்டான். நியாயமான கேள்வி.

செவ்வாய்க்கிழமை, ஒகேனக்கல்

பொண்ணுக்கு பரிசல் ஏறணும்னு ஒரே பிடிவாதம், போனோம். தண்ணி கம்மி, ஆனா பரிசல் ஓடுச்சு. மீன் வறுவல் நல்லா இருந்துச்சு. ஃபுட்பால் பத்தி எழுத ஒண்ணும் இல்ல.

புதன்கிழமை, மறுபடியும் கிருஷ்ணகிரி

திரும்பி வர்ற பஸ்ல அப்பா 1994 கதைய எடுத்தார். உலகக் கோப்பை ஃபைனல், பிரேசிலும் இத்தாலியும், நம்ம நேரத்துக்கு ராத்திரி ஒரு மணிக்கு ஆரம்பம். டிவி இருந்த ஒரு வீட்ல திண்ணை வரைக்கும் கூட்டம். கோலே விழாம பெனால்ட்டிக்கு போய் இத்தாலியோட பாஜியோ பந்த மேல தூக்கி அடிச்சிட்டார், பிரேசில் ஜெயிச்சிடுச்சு. விடிஞ்சதும் தூங்காத கண்ணோட எல்லாரும் கிரவுண்டுக்கு போய் பெனால்ட்டி அடிச்சு பழகினோம், அதாவது அவங்க அடிச்சாங்க, நாங்க முள்ளுக்குள்ள ஓடினோம். அன்னைக்கு தையல்கடை தம்பி சவுக்கு கழி மேல மூணு பந்து அடிச்சார், ஒவ்வொரு தடவையும் லைன்ல இருந்து எல்லாரும் பாஜியோ பாஜியோன்னு கத்தினாங்க, அவர் சிரிக்கல, நாலாவது பந்த கல்லுக்கால் ஓரமா உள்ள போட்டுட்டு தான் வீட்டுக்கு போனார்.

சாயந்தரம் ஸ்கூல் கிரவுண்டுக்கு கோலி அண்ணன் வந்தார், நான் தான் வர சொல்லியிருந்தேன். அங்க பசங்க ஆடிட்டு இருந்தாங்க, செருப்ப கோலா வச்சு, ஒரு பக்கம் கிரிக்கெட், நடுவுல வாலிபால் நெட்டு, எல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு. என் பொண்ணு போய் கேட்டா, ஒரு பையன் "கோலி நிக்கறியா"ன்னான், இல்ல பேக் தான் ஆடுவேன்னு சொல்லி சேந்துக்கிட்டா. பத்து நிமிஷத்துல ஒரு வளந்த பையன் அவள தாண்ட பாத்தான், அவ பந்த பாக்கல, இடுப்ப பாத்தா, சுத்தமா எடுத்துட்டா. கோலி அண்ணன் விசில் அடிச்சார்.

அவர்கிட்டயும் அப்பாகிட்டயும் பேசி முடிவு பண்ணிட்டோம். அடுத்த மே மாசம் ஒரு செவன்ஸ் டோர்னமெண்ட், டர்ஃப்ல கிடையாது, திறந்த கிரவுண்ட்ல, ஸ்கூல்ல அனுமதி கேக்கறது அண்ணன் பொறுப்பு. பழைய கணக்கு தான், பாதிக்கு இருவது நிமிஷம், நாக் அவுட். தெரு டீம் மட்டும், ஒரே தெரு இல்லன்னா ஒரே ஊர் பசங்களா இருக்கணும், வெளிய இருந்து காசு குடுத்து ஆள் கொண்டு வரக்கூடாது. பந்து ரெண்டு நான் வாங்கித் தரேன். மைக் செட் வாடகை அப்பா தரேன்னார், ஆனா மைக்ல வேற யாராவது சின்னவங்க பேசட்டும், மூச்சு வாங்குதுன்னார், அத ஒத்துக்க எங்க ரெண்டு பேருக்கும் மனசு இல்ல, இன்னும் பேசிட்டு இருக்கோம். ஜெயிச்ச டீமுக்கு கப்போட ஒரு கூடை மல்கோவா, அது கோலி அண்ணன் செலவு, அவர் லோடுல இருந்து இல்ல, கடைல வாங்கின பழம்னு ரெண்டு தடவை சொன்னார்.

பொண்ணுங்க டீம் நாலு வந்தா தனி கப். நாலு கிடைக்குமான்னு அண்ணன் சந்தேகமா கேட்டார். கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம், பர்கூர், ஓசூர், தர்மபுரி, பாலக்கோடு பக்கம் இருக்கிறவங்க, வீட்ல பந்து உதைக்கிற பொண்ணு இருந்தா இப்பவே பக்கத்து வீட்டு பொண்ணுங்களயும் சேத்து ஒரு டீம் புடிங்க, ஏழு பேர் போதும், பூட்ஸ் இல்லன்னாலும் பரவால்ல. ஆடலன்னாலும் வாங்க, ரம்பப் பொடி லைன் தான் போடப் போறோம், பந்து உள்ளயா வெளியயான்னு சொல்ல ஆள் வேணும்.